துணிப்பையும் நான்கு பிள்ளைகளும் மலாக்காவுக்குப் போனது

போன மாசி மாதம் ஒரு வியாழக்கிழமை, நானும் என் மருமகள் அஞ்சலையும் செலண்டார் பக்கத்துத் தோட்டத்திலிருந்து நான்கு பிள்ளைகளை மலாக்கா டவுனுக்குக் கூட்டிப் போய் வந்தோம். மற்றத் தோட்டத்துக்காரர்களும் பிள்ளைகளோடு போக நேரலாம் என்பதால் எழுதுகிறேன். நான் எழுத்துப் படித்து ஒரு வருடம்தான் ஆகிறது. இதை எழுத மூன்று நாள் பிடித்தது. ஒரு நாளும் அலுக்கவில்லை.

அஞ்சலை எங்கள் தோட்டத்தில் நாலைந்து வயதுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுக்கிறாள். அரிச்சுவடிக்கு முன்னால் அவளிடம் ஒரு துணிப்பை உண்டு. அதற்குள் அன்னாசித் தோல், பஞ்சு, ரப்பர் விதை, மரத்தில் ஒட்டிக் காய்ந்த ஒட்டுப்பால் உருண்டை என்று ஏதாவது கிடக்கும். பிள்ளை கண்ணை மூடிக் கைவிட வேண்டும். பொருளின் பெயரைச் சொல்லக் கூடாது. தொட்டால் எப்படி இருக்கிறது என்று மட்டும் சொல்ல வேண்டும். வழவழப்பு, சொரசொரப்பு, பிசுபிசுப்பு. அதுவும் போதாவிட்டால், "எது மாதிரி?" என்று கேட்பாள்.

ரப்பர் விலை விழுந்ததிலிருந்து தோட்டத்துத் துரை எல்லாச் செலவையும் குறைக்கிறார். பையில் கைவிடுவது படிப்பா, அந்தப் பிள்ளைகள் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்கொட்டகையிலேயே தூங்கட்டும் என்றார். பள்ளிப் பரிசோதகர் இது படிப்புதான் என்று சொன்னால் வகுப்பு இருக்கும். இல்லையென்றால் மாதக் கடைசியில் மூடிவிடுவது என்று முடிவாயிற்று. மழையில் எங்கள் மண்சாலை கரைந்து கிடந்ததால் பரிசோதகரின் கார் வர வழியில்லை. நான்கு பிள்ளைகளை டவுனுக்கே கொண்டுவரும்படி சொல்லி அனுப்பினார்.

காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். பெரிய சாலைக்கு ஒன்றரை மைல் நடை. பிள்ளைகளோடு ஒரு மணி நேரம். ஏழு மணிக்கு பஸ். பெரியவருக்கு முப்பத்தைந்து காசு, பிள்ளைக்குப் பாதி. மடியில் உட்காரும் பிள்ளைக்குக் காசு இல்லை. இரண்டு பேரை மடியில் வைத்துக்கொண்டோம்.

"என்ன பெரியவரே, பள்ளிக்கூடத்தையே தூக்கிட்டுப் போறீங்களா?" என்றார் டிரைவர்.

என் மடியில் இருந்த ஐந்து வயது பாப்பாத்தி அதற்குள் இருக்கையைத் தடவிப் பார்த்துவிட்டாள். "தாத்தா, இது காஞ்சுபோன சேறு மாதிரி வெடிச்சு வெடிச்சு இருக்கு."

"புது சீட்டு போடுறேன்னு மொதலாளி சொல்லியிருக்காருலா! அவர் காதுல விழற மாதிரி இன்னொரு வாட்டி சொல்லும்மா" என்று டிரைவர் சிரித்தார்.

ஆயர் குரோ தாண்டியபோது வெயில் வந்துவிட்டது. எட்டேகாலுக்கு டவுனில் இறங்கினோம். ஆற்றோரம் நான்கு தோசை, பிள்ளைகளுக்குப் பால். பரிசோதகர் வரச் சொன்ன பள்ளிக்கூடம் அங்கிருந்து கால் மைல்தான்.

பரிசோதகர் நம் ஆள், வெள்ளைக் கோட்டுக்காரர். அஞ்சலையின் பையில் இருந்தவற்றை வேண்டாம் என்று ஒதுக்கிவிட்டார். "பழகின சாமானை யார் வேண்டுமானாலும் சொல்வார்கள்" என்று தன் பொருட்களைப் பையில் போட்டார். முதல் பையன் சங்கைத் தொட்டு, "வெளியே முள்ளு முள்ளா, உள்ளே வழவழன்னு, பல்லு மாதிரி" என்றான். அடுத்த இருவரும் தடுமாறவில்லை. கடைசியாகத் தன் பட்டுக் கைக்குட்டையைப் போட்டார். பாப்பாத்தி தடவினாள், பிறகு வெளியே எடுத்தாள். இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்தாள். பழைய பட்டு, நடுவில் கிழிந்துவிட்டது.

எனக்கு உயிரே போயிற்று. அஞ்சலை சுவரோடு ஒட்டிக்கொண்டாள்.

"ஏன் கிழிச்சே?" என்று கேட்டார் பரிசோதகர்.

"கிழிக்கல. இழுத்துப் பாத்தேன். நல்ல ஷீட்டு இழுத்தா நீளும், விட்டா திரும்பிப் போயிடும். இது நீளல."

தோட்டத்து ஸ்டோரில் ரப்பர் ஷீட்டைத் தரம் பிரிக்கிற நாங்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம்: இழுப்போம், வெளிச்சத்தில் பிடிப்போம். எங்கள் பிள்ளைகள் நடக்கப் பழகும் முன்னே அதைப் பார்க்கிறார்கள். நான் சொல்ல வாயெடுத்தேன். பரிசோதகர் கையை உயர்த்தி என்னை நிறுத்தினார்.

"சரி. தொட்டா எப்படி இருந்துச்சு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தாள். "கன்னுக்குட்டி காது உள்பக்கம் மாதிரி. ஆனா எங்கம்மா தொட்டா இப்படி இருக்காது. எங்கம்மா கையில மாட்டிக்கும். மரத்துல பால் வெட்டி வெட்டிக் கை சொரசொரன்னு இருக்கு."

பரிசோதகர் ஒரு துண்டை என்னிடம் நீட்டினார். முப்பது வருடம் ஷீட் பிரித்த கை. உள்ளங்கை மேல் இழுத்தேன், பட்டு இரண்டு இடத்தில் மாட்டிக்கொண்டது.

"பெண் சரியாகத்தான் சொல்கிறாள்" என்று அவர் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் எழுதினார். பிறகு அஞ்சலையிடம், "வகுப்பை நிறுத்தக் கூடாது என்று துரைக்கு எழுதிவிட்டேன். கைக்குட்டையையும் நீயே வைத்துக்கொள் அம்மா, எனக்கு இனி எதற்கு?" என்றார்.

வெளியே வந்ததும் அஞ்சலை, "மாமா, கொஞ்சம் உக்காரலாம்" என்றாள். அவளைப் போல் ஒரு மருமகள் வேறு தோட்டத்தில் யாருக்கும் இல்லை என்று பஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்லிக்கொண்டு வந்தேன்.

போகிறவர்களுக்கு: திரும்பும் பஸ் இரண்டு மணிக்கு. தவறவிட்டால் அடுத்தது ஐந்துக்கு. குடை வேண்டும். பிள்ளைகளுக்கு மாற்றுத் துணி ஒன்று போதாது, இரண்டு. கேட்பவர் பொறுமையானவரானால், பிள்ளை பதில் சொல்லும் முன் நீங்கள் பேசாதீர்கள். நான் பேசியிருந்தால் கெடுத்திருப்பேன்.

திங்கட்கிழமை அஞ்சலை அந்தப் பட்டுத் துண்டுகளைப் பையில் போட்டாள். பதினாறு பிள்ளைகளும் தடவினார்கள், முகர்ந்தார்கள், இழுத்தார்கள். மதியத்துக்குள் அது வெறும் நூலாகிவிட்டது. எங்கள் லயத்து வரிசை வீடுகள் ஒன்றிலும் பட்டுத் துணி கிடையாது. ஆனால் பட்டு எப்படி இருக்கும் என்று எங்கள் பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்கள், சொல்வார்கள்.