மாமாவின் எழுபது காலடி

தெற்கு லண்டனில் மிச்சம் என்ற ஊரில் என் வீட்டு வாசலிலிருந்து ட்ராம் நிறுத்தம் வரை போன வருடம் அறுநூற்றுப் பன்னிரண்டு காலடி. இந்த வருடம் எழுநூற்று நாற்பது. நிறுத்தத்தைத் தள்ளி வைத்துவிட்டார்களோ என்று கேட்டு கவுன்சிலுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்தேன். பாதியில் மாமாவின் ஞாபகம் வந்தது. பேனாவை மூடி வைத்தேன்.

எனக்கு அப்போது பதினொரு வயது. லண்டனுக்கு வந்து ஏழு மாதம். ஈஸ்ட் ஹாமில் எங்கள் வீட்டிலிருந்து நாலு பஸ் நிறுத்தம் தள்ளியிருந்த பூங்காவில் சனிக்கிழமைகளில் சிறுவர்கள் பேஸ்பால் ஆடினார்கள். இந்த நாட்டில் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் அந்த எட்டுப் பிள்ளைகள்தான். திடலுக்கு வேலி இல்லை. அடிக்கும் இடத்திலிருந்து எழுபது காலடி அளந்து கொடிகள் நடுவார்கள்; பந்து கொடியைத் தாண்டி விழுந்தால் ஹோம் ரன். அளப்பவர் அம்மாவின் தம்பியான என் மாமா. ஒரு சனிக்கிழமையும் தவறாமல் என்னைக் கூட்டிவந்ததால் பயிற்சியாளர் அந்த வேலையை அவரிடம் விட்டிருந்தார். மாமா நடப்பார், நான் சத்தமாக எண்ணுவேன்.

ஆறு சனிக்கிழமைகள் போயின. என் ஹோம் ரன் பூச்சியம். அடுத்த மாதம் முதல் நான் ஆடவேண்டாம், ஓரமாக இருந்து புள்ளி எழுதலாம் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். பஸ்ஸில் அழுதேன்.

“அழாதையடா. வாற கிழமை பாப்பம்,” என்றார் மாமா.

அடுத்த மூன்று சனிக்கிழமைகளில் ஒன்பது ஹோம் ரன் அடித்தேன்.

ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். மட்டையைப் பிடிப்பது திருந்திவிட்டது என்றார் பயிற்சியாளர். வெயில் ஏறினால் பந்து தூரம் போகும் என்றார் அப்பா. அம்மா விடவில்லை.

“பிடியுமில்லை, வெயிலுமில்லை. நான் விடியக்காலமை அடிச்சுக் குடுக்கிற முட்டைக்கோப்பி!”

“ஓமக்கா, கோப்பிதான். எனக்கும் ஒண்டு தாங்கோ,” என்றார் மாமா.

நானும் அம்மாவின் கட்சிதான். இருபத்தொரு கோப்பிக்கு ஒன்பது ஹோம் ரன். கணக்குச் சுத்தமாக இருந்தது. மற்றப் பிள்ளைகளும் வழக்கத்தைவிடக் கூடவே அடித்தார்கள். அதை நான் எண்ணவில்லை. கொடி மீது சந்தேகமே வரவில்லை. எண்ணியவன் நானே, எழுபதில் ஒன்றும் குறையவில்லை.

ஒரு முறை மட்டும், அவர் அளக்கும்போது கேட்டேன்: “ஏன் மாமா பூனை மாதிரி அடிமேல அடி வைச்சு நடக்கிறியள்?”

“சப்பாத்து கடிக்குதடா. நீ எண்ணு.”

நான்கு வருடம் அந்த அணியில் ஆடினேன். அந்த எட்டுப் பேரில் இருவர் இன்றும் என் பிறந்தநாளுக்குப் போன் எடுக்கிறார்கள். மாமா போய்ப் பதினாறு வருடம். இருந்தபோது ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. இப்போது ட்ராமுக்கு நடக்கும்போதெல்லாம் சொல்கிறேன்.

பூனை நடையைப் பற்றி நான் கேட்ட அன்றைக்கு, ஆட்டம் முடிந்ததும் பஸ் நிறுத்தத்துக்கு மாமா அதே சப்பாத்தோடு வீசி நடந்தார். அவருடைய ஒரு காலடிக்கு எனக்கு இரண்டு. மூச்சு வாங்க ஓடிக்கொண்டே அதையும் எண்ணினேன். சப்பாத்து இப்போது கடிக்கவில்லையா என்று கேட்கத்தான் தோன்றவில்லை.