ஐஸ் போட்ட கல்லும் அதுக்குள்ள குடியிருந்தவங்களும்

கலர் மீன் கடைக்காரங்களுக்கு மீனால தொல்லை வராது. மீன் வாங்குறவங்களாலதான் வரும். அதுவும் உப்புத்தண்ணித் தொட்டின்னு ஒரு வம்பை விலைக்கு வாங்கி ஹால்ல வச்சிருக்கிற என் சக நோயாளிகளே, உங்களுக்கு நான் புதுசா ஒன்னும் சொல்ல வேண்டியதில்ல. தொட்டில கல்லை இறக்கின மறுநாளே, "செல்விக்கா, இது என்ன புழு? இது யாரோட காலு?"ன்னு எனக்குப் போட்டோ அனுப்புற ஆளுங்கதானே நீங்க. கேட்டுக்குங்க, இது திருவொற்றியூர்ல என் கடைக்குப் பின்னாடி குப்பத்துல இருக்கிற ஒரே ஒரு வீட்டோட கதை.

கடலுக்கு ஆர்டர்

தேசம்மா அக்கா காசிமேட்டுல மீன் விக்கிறவங்க. அவங்க வீட்டுக்காரர் ஏழுமலை அண்ணன் விசைப்படகு டிரைவர். வலை இழுக்கிற கம்பி அறுந்து இடுப்புல அடிச்சு, ஆபரேஷன் ஆகி, இனிமே போட் ஏறவே கூடாதுன்னு ஆயிடுச்சு. தினமும் கோலூன்றி நடக்கணும், இல்லன்னா கால் மரத்துப்போய் அப்புறம் எழவே முடியாதுன்னு டாக்டர் படிச்சுப் படிச்சு சொல்லியும் மனுஷன் கேட்கல. சுவத்தைப் பார்த்துப் படுத்தவர் படுத்தவர்தான். யார் வந்தாலும் பேச்சு கிடையாது.

அக்கா ஒருநாள் கடைக்கு வந்து, என் தங்கமீனையெல்லாம் ஏற இறங்கப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாங்க. உப்புத்தண்ணித் தொட்டி வேணுமாம். "அதெல்லாம் பேஜாருக்கா, முதல்ல அண்ணனை நடக்க வைக்கிற வழியைப் பாருங்க"ன்னேன். அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துட்டாங்க. "எய்ந்துக்கவே மாட்டேன்றாரு செல்வி. அவரு கடலுக்குப் போவ முடியாது. நீ கடல வூட்டுக்கு இட்டா."

ஐஸ்

உப்புத்தண்ணித் தொட்டிக்கு உயிர் குடியிருக்கிற கல்லு வேணும், ஆனா பவளப்பாறையை உடைச்சு எடுக்கிறது குத்தம். அதனால நான் சிமென்ட்டையும் சிப்பித்தூளையும் பிசைஞ்சு, ஓட்டை ஓட்டையா கல்லு செஞ்சு, கூண்டுல போட்டு மாசக்கணக்கா கடல்ல ஊற விடுவேன். கண்ணுக்குத் தெரிஞ்சதும் தெரியாததுமா ஆயிரம் உயிர் அதுக்குள்ள குடியேறிடும். தொட்டித் தண்ணியைச் சுத்தமா வச்சுக்கிறதே அதுங்கதான்.

அந்தக் கல்லை ஈரச் சாக்குல சுத்தி, பெட்டியோட அக்கா வீட்டுல இறக்கிட்டு, "பத்திரம்க்கா, கெட்டுப்போயிடக் கூடாது"ன்னு வாய்தவறிச் சொல்லிட்டு தண்ணி கொண்டுவரப் போனேன். கரைத் தண்ணில டீசல் மிதக்கும்கிறதால அண்ணனோட படகு ஆளுங்க நடுக்கடல் தண்ணியைக் கேன்ல மொண்டு வந்திருந்தாங்க. திரும்பி வந்து பெட்டியைத் திறந்தா, கல்லே தெரியல. மேல பூரா பொடி ஐஸ்! எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "உயிரோட இருக்கிறதுக்குப் போய் ஐஸ் போடுவாங்களாக்கா?"ன்னு கத்தினேன். அக்கா அசரல. இடுப்புல கை வச்சுக்கிட்டு அவங்க கேட்டது: "இன்னாமே பேசுற? கடல்லேர்ந்து வந்த எதுக்கு நான் ஐஸ் போடல? ஒன்னாச்சும் கெட்டுப்போச்சின்னு சொல்லு பாக்கலாம்!"

காத்தாடி

மேல இருந்த கல்லுல குடியிருந்ததெல்லாம் செத்துப்போச்சு. அடில இருந்தது பிழைக்குமா தெரியாது, இருந்தாலும் எல்லாத்தையும் தொட்டில இறக்கினேன். தொட்டி பூரா பழுப்புப் பிடிச்சு, நாத்தம் வேற. பக்கத்து வீட்டுக்காரங்க எட்டிப் பார்த்து, "இன்னா தேசம்மா, கருவாடு ஊற வச்சிகிறியா?"ன்னு கேட்டுட்டுப் போனாங்க. அண்ணன் சுவத்தை விட்டுத் திரும்பவே இல்ல. எனக்கு அக்கா முகத்தைப் பார்க்கவே கூச்சமா இருந்துச்சு.

கல்லையெல்லாம் எடுத்துடலாம்னு ஒரு மத்தியானம் போனேன். தொட்டிக்குள்ள கையை விடுறேன், ஒரு ஓட்டைலேர்ந்து சின்ன விசிறி ஒன்னு சட்டுனு உள்ள போச்சு. அப்படியே நின்னுட்டேன். கொஞ்ச நேரத்துல பயந்து பயந்து மறுபடி வெளிய வந்து விரிஞ்சது. சிவப்பும் வெள்ளையுமா, இழை இழையா, சுண்டுவிரல் நகம் அளவு. புழுதாங்க அது! தனக்குத் தானே குழாய் கட்டி, உள்ள உட்கார்ந்துக்கிட்டு, தலைல இருக்கிற விசிறியால தண்ணில மிதக்கிற தீனியைப் பிடிச்சுத் தின்னும். ஐஸுக்குக் கீழ கிடந்து பிழைச்சிருக்கு. சொல்றதுக்கென்ன, எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. "அண்ணே, உயிர் இருக்குண்ணே!"ன்னு கத்திட்டு, காட்டுறதுக்காகக் கையை நீட்டினேன். விசிறி மறுபடி உள்ள போயிடுச்சு. அப்பதான் முதுகுப் பக்கம் அந்தக் குரல், எத்தனையோ நாளுக்கு அப்புறம்: "கைய எடும்மா. நீ மறைச்சா அது எப்டி வரும்?"

டொக்

அதுலேர்ந்து அண்ணன் தொட்டிப் பக்கம் திரும்பிப் படுத்தார். திரும்பினதோட சரி, எழுந்திருக்கல.

அப்புறம் ஒரு காலைல அக்கா போன் பண்ணி, கண்ணாடி விரிசல் விடுதுன்னாங்க. அலறி அடிச்சுக்கிட்டு ஓடினேன். கண்ணாடி நல்லாதான் இருந்துச்சு. ஆனா "டொக்"குன்னு சத்தம். கல்லு இடுக்குல ரெண்டு கண்ணு, காம்பு மேல நிக்குது. ஒன்னு என்னைப் பார்க்குது, இன்னொன்னு தனியா சுத்திக் கூரையைப் பார்க்குது. பச்சையும் நீலமுமா உடம்பு. இறால் மாதிரி இருக்கும், ஆனா இறால் இல்ல. கல்லுக்குள்ளயே ஒளிஞ்சு வந்து ஐஸுக்குத் தப்பினது. மடிச்சு வச்சிருக்கிற முன்னங்கையால குத்தினா நத்தை ஓடு தூள்தான், அந்த "டொக்" அதோட குத்துதான். அப்படி ஒரு அழகுதான்னாலும் தொழில் தொழில்தானே. அக்கா ஆசையா சொல்லி வச்சிருந்த ஆரஞ்சுக் கோடு மீன் ஜோடியை இது ஒரே வாரத்துல தின்னு ஏப்பம் விட்டுடும். கல்லோட தூக்கிடலாம்னு கையை உள்ள விட்டேன்.

தோள்ல யாரோ கை வச்சாங்க. அக்கான்னு நினைச்சுத் திரும்பினா, அண்ணன்! ஒரு கைல கோல், உடம்பு கிடுகிடுன்னு ஆடுது, ஆனா நிக்கிறார். "கல்ல கீய வையி. இத்த வலையில எவ்ளோ பாத்துகீறேன்! எல்லாம் செத்து வரும், கால்ல ஒதுக்கித் தள்ளுவேன், கோயித் தீவனத்துக்குப் போவும். இத்தினி வருசம் கடல் மேலயே ஓடிகினு இருந்தேன், உள்ள இப்டி ஒரு ஊரு கீதுன்னு எனக்குத் தெரியலியே! அது கண்ணு இப்டி சுத்தும்னு இன்னிக்கிதான் பாக்குறேன். அது வூட்ல அது கீது, நீ இன்னாத்துக்கு கைய வுடுற?"

அக்கா மீன் கூடையோட வாசப்படில அப்படியே நிக்கிறாங்க. முகத்தை முந்தானையால அழுத்தித் துடைச்சுக்கிட்டு, என்னைப் பார்த்துச் சொன்னாங்க: "கல்ல வுட்டுட்டு வா செல்வி. மீனுதானே? நான் நாளெல்லாம் அத்ததான் பாத்துகினு கீறேன்."

சட்டை

இப்ப தண்ணி கேன் எடுக்க அண்ணனே கோலோட கரைக்குப் போறார். தொட்டியைப் பார்க்க வர்றவங்க "மீன் எங்கண்ணே?"ன்னு கேட்டா எரிஞ்சு விழுவார்.

போன வாரம் திடீர்னு என் கடை வாசல்ல நிக்கிறார். வேர்த்து விறுவிறுத்து, கைல டிபன் டப்பா. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு, "அக்காவுக்கு ஏதாச்சுமாண்ணே?"ன்னேன். டப்பாவைத் திறந்து நீட்டினார். உள்ள அந்தப் பச்சைக்காரனோட ஓடு. கை, கால், கண்ணு வரைக்கும் அச்சு அசல், உள்ள மட்டும் ஒன்னுமில்ல. நான் ஸ்டூலை நகர்த்திப் போட்டேன், உட்காரல. "சட்டைய கயட்டிகீதும்மா. செத்துப்போச்சின்னு நெனச்சி காலைலேர்ந்து சோறு எறங்கல. இப்ப பாத்தா, புச்சா சட்ட மாட்டிகினு உள்ள குந்திகீது. உன்னாண்ட சொல்லணும்னு தோணிச்சி, நடந்தே வந்துட்டேன்."

இத்தனை வருஷத்துல நான் போட்டுக் குடுத்த தொட்டிங்கள்லயே நல்லா ஓடுறது அது ஒன்னுதான், அதுல இன்னிக்கு வரைக்கும் ஒரு மீன்கூட கிடையாது.