குரங்குக் குல்லாவும் நன்னாரி பாட்டிலும்

கண்ணாடி பாட்டிலைப் படம் பிடிப்பவனுக்கு முதல் எதிரி அவன் மூஞ்சிதான். எதிரே யார் நின்றாலும் பாட்டில் காட்டிக்கொடுத்துவிடும். அதனால் வேலை நேரத்தில் எனக்குக் கறுப்புச் சட்டை, கறுப்பு லுங்கி, தலையில் கறுப்புக் கம்பளியில் குரங்குக் குல்லா. முடி இருந்த இடத்தில் இப்போது நல்ல பளபளப்பு, மூடாமல் முடியாது. ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டு முன்னறைதான் ஸ்டுடியோ. ஏப்ரல் வெயிலில் ஜன்னலையெல்லாம் சாத்திவிட்டு நான் இந்தக் கோலத்தில் நிற்கும்போதெல்லாம் என் மனைவி கேட்பாள்: "இன்னிக்கு எந்த பேங்க்குங்க?"

போன கோடையில் தொம்மலூரிலிருந்து ஒரு நன்னாரி சர்பத் பாட்டில் வந்தது. காய்ச்சி விற்கும் அம்மாள் தங்கவயல்காரர். அவர் பாட்டில்களை எப்போதும் படம் எடுப்பது நான்தான். இந்த முறை அவருடைய அண்ணன் மகன் பாதிக் கன்னடமும் பாதித் தமிழுமாகப் போனில் வந்தான்.

"சும்னே எதுக்கு சார் கஷ்டம்? கம்ப்யூட்டர்ல டைப் பண்ணா படம் வந்துடுது. அத்தைதான் கேக்க மாட்டேங்கறாங்க. இந்தத் தடவை நீங்க எடுங்க, ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாத்துடலாம். நல்லா இருக்கறதுதான் இனிமே."

கம்ப்யூட்டர் போட்ட படத்தையும் அனுப்பியிருந்தான். பனிக்கட்டி நடுவே பாட்டில். உள்ளே ரத்தச் சிவப்பு. சுற்றிலும் ஏதோ சிவப்புப் பழங்கள். நன்னாரி ஒரு வேர் என்று கம்ப்யூட்டருக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது. கோபம் வந்தது. பொறாமையும்தான்: அந்தப் பாட்டிலில் யார் மூஞ்சியும் தெரியவில்லை.

பார்த்துவிடலாம் என்று இறங்கினேன். விளக்கை எதிரே வைத்தால் கண்ணாடியில் வெள்ளைத் திட்டு விழும். அதனால் பாட்டிலுக்குப் பின்னால் என் பழைய வேட்டியை இழுத்துக் கட்டி, அதற்கும் பின்னால் விளக்கை வைத்தேன். இரண்டு பக்கமும் கறுப்பு அட்டையை நிறுத்தியதும் பாட்டிலின் ஓரங்கள் மையால் கோடு போட்டதுபோல எழுந்து நின்றன. சர்பத் மட்டும் தார் மாதிரி கிடந்தது. தண்ணீர் கலந்தால் தெளியும். கம்ப்யூட்டரைத் திட்டிவிட்டு நானே கலப்படம் செய்வதா? விளக்கை வேட்டியை ஒட்டி நகர்த்தினேன். இன்னும் கொஞ்சம். சர்பத்துக்குள் செம்பழுப்பாக ஒரு வெளிச்சம் ஏறியது. அதுதான் நன்னாரி.

வேட்டி ஆடக்கூடாதென்று மின்விசிறியையும் நிறுத்தியிருந்தேன். வியர்வை கண்ணில் இறங்க, குல்லாவைக் கழற்றித் துடைத்துக்கொண்டே பொத்தானை அழுத்தினேன். எடுத்ததிலேயே அதுதான் அருமையான படம். இருந்த வீறாப்பில் அப்படியே அனுப்பிவைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் போன்.

"சார், பாட்டில் தோள்ல நிலா மாதிரி ஏதோ தெரியுதே?"

பெரிதாக்கிப் பார்த்தேன். "அது என் தலைதான்."

அவனுக்குப் பின்னால் அந்த அம்மாள் சிரிப்பது கேட்டது.

"ஒரே தட்டு சார், அழிச்சுடறேன்."

"கை வெக்காதே."

"உங்க தலையைத்தான சார் அழிக்கறேன்? யாருக்குத் தெரியப் போவுது?"

"எனக்குத் தெரியும். இன்னிக்கு என் தலையை அழிப்பே, நாளைக்கு ஓரமா நாலு பழம் வெப்பே. மறுபடி எடுத்துத் தரேன். அழிக்க விடமாட்டேன். அது ஆவாதுன்னா உன் படத்தையே போட்டுக்கோ."

மனைவி வாசல்படியில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பக்கம் போன் கை மாறியது.

"அண்ணா, இவன் வெச்சிருக்கற பழத்த நான் சிவாஜிநகர் மார்க்கெட்லகூடப் பாத்ததில்ல. எங்கிட்ட யாராவது கேட்டா எங்க போவேன்? நீங்களே எடுங்க. நிலா மட்டும் வேணாம்."

"அடுத்த சீசன்ல பாத்துக்கலாம் சார்," என்றான் பையன், அவர் குரலுக்குப் பின்னாலிருந்து.

மறுநாள் மறுபடி அதே வேட்டி, அதே விளக்கு, நிறுத்திவைத்த மின்விசிறி. மனைவி மோர் கொண்டுவந்து வைத்தாள். "நேத்தே இதைக் கழட்டாம இருந்திருந்தா?" என்று குல்லாவைக் காட்டினாள்.

அதைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டேன். நல்ல கம்பளி. அடுத்த கோடைக்கும் தாங்கும்.