செல்லத்தாய் மதினியின் பயம்

"அம்மா போயிட்டாக அத்தை," என்று பாண்டி போனில் சொன்னபோது தேனியில் விடியற்காலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. என் அண்ணன் மனைவி செல்லத்தாய் மதினி மறைந்துவிட்டார். அழுகைக்கு முன்னால் எனக்கு வந்தது பயம்தான். ஊர்த் தண்ணீரைப் பற்றிக் கவலைப்பட இனி யார் இருக்கிறார்கள்?

அவரைத் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். அவரைப் போலப் பயந்த மனுஷி கம்பம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. தெருவில் கோம்பை நாய் படுத்திருந்தால் அடுத்த தெருவைச் சுற்றி வருவார். மிக்சியைக்கூடத் தள்ளி நின்றுதான் போடுவார். நான் எத்தனையோ முறை கேலி செய்திருக்கிறேன்.

எங்கள் ஊருக்கு மேலே மலையில் ஒரு சின்ன பவர் ஹவுஸ் இருந்தது. ஓடைத் தண்ணீரில் கரண்டு எடுத்த பிறகு, அதே தண்ணீர் குழாய் வழியாக எங்கள் ஊர்த் தொட்டிக்கு வரும். மிஷின் பழசாகிவிட்டது, மூடப்போகிறோம் என்று அதிகாரிகள் வந்து கூட்டம் போட்டார்கள். எல்லோரும் வேலை போவதைப் பற்றியே பேசினார்கள். அப்போது வார்டு உறுப்பினராக இருந்த மதினி எழுந்தார். முந்தானையை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருந்தார்.

"கரண்டு வேற எங்கனயிருந்தாச்சும் வரும் சார். தண்ணி எங்கனயிருந்து வரும்?"

மதகைத் திறந்தே விட்டுப் போகலாம், ஆனால் குழாய் வாயில் இருக்கும் இரும்புச் சல்லடையில் சேரும் இலை தழையைத் தினமும் ஊர்தான் அள்ள வேண்டும், ஒரு நாள் விட்டாலும் அடைத்துக்கொள்ளும் என்றார் அதிகாரி. "அள்ளுறோம் சார்," என்றார் மதினி. அது யானை நடமாடும் பாதை. ஊரே அவரைத் திட்டியது. முதல் நாள் அவரே ஏறினார், துணைக்கு நானும் போனேன். இறங்கி வந்ததும் கால் வெடவெடக்க உட்கார்ந்துவிட்டார்.

"அம்புட்டுப் பயமா இருந்தா ஏன் மதினி போறீக?"

"குழாயில வெறுங்காத்து வந்தா, அது இதைவிடப் பயமா இருக்கும்ல தாயி."

பிறகு வீட்டுக்கு ஒரு நாள் முறை என்றானது. சாயங்காலமானால் அடுத்த முறைக்காரர் வாசலில் மதினி நிற்பார். "நாளைக்கு ஒங்க முறை. மறந்துறாதீக."

அவர் இறந்த அன்று மதியம், நான் தேனியிலிருந்து வந்து சேர்ந்ததும் நீர்மாலைக்குப் புறப்பட்டோம். அவரைக் குளிப்பாட்டத் தெருக்குழாயில் தண்ணீர் பிடித்து வர வேண்டும். பாண்டி குடத்தை வைத்துக் குழாயைத் திறந்தான். காற்றுதான் சீறியது. எழவுக்கு வந்த கூட்டம் தொட்டியைக் காலி செய்திருந்தது. சங்கு ஊதியவர் பாதியில் நிறுத்திவிட்டார்.

"இன்னைக்கு யாரு முறை?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் உறைத்தது. அன்று மதினி வீட்டு முறை. எழவு விழுந்தால் ஊரில் யாரும் வேலைக்குப் போவதில்லை. சல்லடைக்கும் யாரும் போகவில்லை.

"கேன் தண்ணி வாங்கிக் குளிப்பாட்டிருவோம்," என்றார் உறவுக்காரர் ஒருவர்.

"அவுகளையா? கேன் தண்ணியிலயா?" எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பாண்டியை இழுத்துக்கொண்டு மலையேறினேன். எங்கோ மூங்கில் முறியும் சத்தம் கேட்டபோதெல்லாம் யானையோ என்று நின்று நின்று ஏறினோம். சல்லடை முழுக்க மழை கொண்டுவந்த இலை. இரண்டு கையாலும் அள்ளி வீசினோம். தண்ணீர் குழாய்க்குள் இறங்கும் சத்தம் கேட்டதும் இருவரும் அங்கேயே நின்று அழுதோம்.

அந்தத் தண்ணீரில்தான் மதினியைக் குளிப்பாட்டினோம். அடக்கம் முடிந்து வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. யாருக்கும் நினைவிருக்காதோ என்று பயந்து, நானே அடுத்த முறைக்காரர் வாசலில் போய் நின்றேன்.

"நாளைக்கு ஒங்க முறை. மறந்துறாதீக."

நிம்மதியாப் போங்க மதினி. இனிமே பயப்படுறதை நாங்க பாத்துக்கிறோம்.