அய்யம்பெருமாள் வாங்கிய பிறப்பு நகல்

அய்யம்பெருமாளைப் பெற்றவள் வேறு ஒருத்தி என்று பெரம்பலூரில் ஒரு பேச்சு கிளம்பிற்று. கிளப்பியவர் அவருடைய பங்காளி சின்னப்பிள்ளை. குலதெய்வக் கோயில் கும்பாபிஷேகத்துக்கு வம்ச வரலாறு புத்தகமாக வரப்போகிறது. அதைத் தொகுக்கிற பொறுப்பும், முதல் பக்கத்தில் சால்வையோடு போட்டோவும் அய்யம்பெருமாளுக்குப் போய்விட்டன. சின்னப்பிள்ளைக்கு மிஞ்சியது அன்னதானக் கமிட்டி. சாம்பார் வாளியைப் பிடிக்கிறவருக்கு வாய் சும்மா இருக்குமா?

"வம்சத்தை எழுதறாராமே! மொதல்ல அவரு யாரு வயித்துப் புள்ளைன்னு விசாரிச்சுட்டு எழுதச் சொல்லுங்க," என்று டீக்கடையில் போட்டுவிட்டார்.

அய்யம்பெருமாள் கொதித்தார். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எதிரே வந்து நிற்கிற ஆளிடமே நீ உயிரோடு இருப்பதற்குச் சான்று எங்கே என்று கேட்டவர். வாய்ப்பேச்சுக்கு வாயால் பதில் சொல்வாரா? புத்தகத்துக்காகப் பாட்டன், பூட்டன் எல்லாருடைய இறப்புச் சான்றுக்கும் ஏற்கெனவே நகல் கேட்டு எழுதியிருந்தார். தன் பிறப்புக்கும் ஒரு மனுவைச் சேர்த்துவிட்டார். அதுவரை பள்ளிச் சான்றிலேயே காலம் ஓடிவிட்டதால், பிறப்புப் பதிவை அவர் கண்ணால் பார்த்ததில்லை.

நகல் வந்தது. திருமழபாடிப் பக்கத்துச் சொந்த ஊர், சரி. தேதி சரி. தகப்பன் பெயர் சரி. தாயின் பெயர், மருதாயி.

அய்யம்பெருமாளின் அம்மா பெயர் சிந்தாமணி. அவர்களுடைய வயலில் நடவு நட்டவள் மருதாயி. செத்துப்போன அப்பாவின் மேல் அவருக்கு அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சந்தேகம் வந்தது. சின்னப்பிள்ளையின் காதுக்கு இது எட்டினால் புத்தகம் போகும், சால்வை போகும். மறுநாளே பத்திரத்தாளில் ஓர் உறுதிமொழியை டைப் அடித்து, மைப்பெட்டியோடு அரியலூர் வழியாகச் சொந்த ஊருக்குப் பஸ் ஏறினார்.

மருதாயி வாசலில் கடலை உரித்துக்கொண்டிருந்தாள். காலடியில் இரண்டு ஆடுகள்.

"வாங்க தம்பி! எந்தெரு ஒங்களுக்கு வழி தெரிஞ்சுதா?"

"ஒரு கைநாட்டு வேணும் மருதாயி."

தன்னைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவளை அவர் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவார். அதுவரை அது உறுத்தியதில்லை.

"படிச்சுச் சொல்லுங்க. ரேஷன் கடையிலயே கேட்டுட்டுத்தான் வைப்பேன்."

படித்தார். "பிறப்புப் பதிவில் தாய் என்று என் பெயர் இருந்தாலும், அய்யம்பெருமாள் என் மகன் அல்ல. அவருக்கும் எனக்கும் எவ்வித உறவும் கிடையாது." டைப் அடிக்கும்போது சாதாரணமாக இருந்த வாக்கியத்தை, அவள் முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்தே படித்து முடித்தார்.

மருதாயி குலுங்கிச் சிரித்தாள். "அடப் பாவமே, அதை எழுதியே வச்சுட்டாரா கிராமத்து முன்சீப்பு! ஒங்காத்தாவுக்கு முன்னால பொறந்தது எதுவும் தங்கல தம்பி. அதான் ஒங்களை மொறத்துல போட்டுக் குப்பமேட்டுல வச்சாங்க. நான் எடுத்து எம்புள்ளைன்னு சொன்னேன். அப்பத்தான எமன் ஏமாறுவான்? ஒங்கப்பாரு முன்சீப்புகிட்டயும் எம்பேரையே சொல்லிட்டாரு. பின்ன, எமனுக்கு ஒரு கணக்கு, சர்க்காருக்கு ஒரு கணக்கா?"

அய்யம்பெருமாளுக்கு மூச்சு வந்தது. அப்பா தப்பித்தார், வம்சம் தப்பித்தது. அவள் மையைத் தொட்டுக் கட்டைவிரலை அழுத்தினாள்.

"ஆனா ஒண்ணு. ஒரு மரக்கா தவிடு குடுத்துத்தான் புள்ளையத் திரும்ப வாங்கணும், அதான் மொறை. நாளைக்கித் தரேன், நாளைக்கித் தரேன்னே ஒங்காத்தாவும் போயிட்டா. தவிடு வரல. அப்ப இந்தப் பேப்பரு பொய்தானே?" என்று மறுபடி சிரித்தாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. மகள் கல்யாணத்தன்று பந்தல் ஓரத்தில் நின்ற இவளைக் காட்டி, "மருதாயிக்குப் பின்பக்கமா ஒரு பொட்டலம் குடுத்து அனுப்புங்க," என்று சொன்னவர் அவர்தான். குரல்கூட அப்படியே காதில் கேட்டது. அவசரமாகப் பர்ஸை எடுத்தார்.

"காசுக்கு ஆரு தம்பி புள்ளைய வித்தா? உள்ள வைங்க. தவிடே கொண்டாங்க, ஆடு திங்கும்."

"கொண்டாறேன்..." என்றார். 'ஆத்தா' என்று முடிக்கப் பார்த்தார், நாக்கு புரளவில்லை. 'மருதாயி' என்று முடிக்கவும் இனி வாய் வராது. வாக்கியத்தை அப்படியே விட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு நடந்தார்.

பதிவு திருத்தப்பட்டது. புத்தகம் வந்தது, சால்வை போட்டோவும் பளிச்சென்று விழுந்தது. சின்னப்பிள்ளை வாயடைத்துச் சாம்பார் ஊற்றினார். புத்தகத்தில் மருதாயி பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

போன வாரம் அய்யம்பெருமாள் ஒரு சாக்கோடு அரிசி ஆலைக்குப் போனார்.

"தவிடா? எத்தனை மாடு சார் வச்சிருக்கீங்க?" என்று ஆலைக்காரர் சாதாரணமாகத்தான் கேட்டார். பக்கத்தில் தெரிந்த முகங்கள் நாலைந்து நின்றன.

அய்யம்பெருமாள் சாக்கை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"சும்மா வெல விசாரிக்கத்தான் வந்தேன்," என்றார்.