தூத்துக்குடியில் அப்பாவின் பெயர் பதித்த சுவர்

கொழும்பிலிருந்து தூத்துக்குடிக்கு எப்படிப் போவது என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். நான் போனது எழுபதுகளின் நடுவில், நவம்பர் மாதத் தொடக்கத்தில், அப்பாவோடு. அந்த வழியில் பாதி இப்போது இல்லை. ஆனாலும் கேட்டுவிட்டார், சொல்லாமல் இருக்க முடியவில்லை.

என் அப்பா கந்தையா சிறுகதை எழுதியவர். அவருடைய உயிர் நண்பர் அருளப்பு, நாவல் எழுதியவர். எங்கள் நாட்டில் புத்தகம் வாசிக்கிற வீடுகளில் இருவரையும் தெரியும். இளவயதில் இருவரும் கடல் கடந்து தூத்துக்குடிக்குப் போய், ஒரே அறையில் தங்கி இரண்டு வருடம் படித்தார்கள். பிற்காலத்தில் கொழும்பு இலக்கியச் சங்கம் ஒன்று அந்த வீட்டுச் சுவரில் நினைவுக்கல் பதித்தது. விழாவுக்கு அப்பா போகவில்லை. "உயிரோடை இருக்கிறவனுக்கு என்ன கல்லு?" என்று கேலி செய்தார்.

நாங்கள் போன அந்த வருடம் அருளப்பு மாமா லண்டனில் இறந்துபோனார். அங்கே போக எங்களுக்கு வழியில்லை. அப்பா அழவில்லை. எழுதவும் இல்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. பல மாதம் மேசைப் பக்கமே போகாதவர் ஒரு நாள், "நான் ஒருக்கா அந்த வீட்டைப் பார்க்கவேணும்" என்றார். அன்றே நான் பெட்டியை எடுத்துவிட்டேன்.

இரவு ரயிலில் தலைமன்னார். அங்கிருந்து கப்பலில் மூன்று மணி நேரம், ராமேசுவரம். சுங்கத்தில் என் பெட்டியைக் கிண்டிக் கிளறிவிட்டு அப்பாவை வணங்கி அனுப்பினார்கள். அவர் முகராசி அப்படி. ராமநாதபுரம் வரை ரயில், பிறகு பேருந்தில் சுமார் நூற்றிருபது கிலோமீட்டர். தருவைகுளம் தாண்டியதும் உப்பளம் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூசவைத்தது. அப்பா வழி நெடுக ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். நான் பேச்சுக் கொடுத்துப் பார்த்து ஓய்ந்துபோனேன்.

மறுநாள் சாயங்காலம் சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தோம். "எங்கன போணும் அண்ணாச்சி?" என்று கேட்ட ரிக்‌ஷாக்காரர், கல் பதித்த வீடு என்றதும், "சலேத்தக்கா மெழுகுதிரி கொளுத்துத சுவரா? ஏறுங்க" என்றார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை.

கடற்கரைச் சாலையை ஒட்டிய சந்து. வீடு பூட்டிக் கிடந்தது. சுவரில் கல் இருந்தது. உப்புக்காற்று கீழ்வரிகளையெல்லாம் தின்றுவிட்டது. அருளப்பு, கந்தையா என்ற இரண்டு பெயர்கள் மட்டும் மிச்சம். கல்லுக்குக் கீழே மெழுகு உருகி வழிந்திருந்தது. ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா அங்கே நின்று தீப்பெட்டியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்.

"ஏளா, காத்தை மறிச்சு நில்லு" என்றார் என்னிடம். சேலைத் தலைப்பை விரித்துக்கொண்டு நின்றேன்.

யாருக்காக என்று அப்பா கேட்டார்.

"இன்னைக்குக் கல்லறைத் திருநாள்லா அண்ணாச்சி. எல்லாரும் அவிய அவிய கல்லறைக்குப் போயிருக்காவ. எங்க வீட்டுக்காரரு சேவியர் தோணியில வெங்காயம் ஏத்திக்கிட்டுக் கொழும்புக்குப் போனாவ. தோணியும் வரல, அவியளும் வரல. எனக்கு எங்கன கல்லறை? இந்த ரெண்டு பேரும் கடல்ல போய்த் திரும்பாதவியதான? இவியளோட அவியளும் இருக்கட்டும்னு இங்கன கொளுத்துதேன்."

எனக்குச் சிரிப்பும் பதற்றமும் ஒன்றாக வந்தன. 'அம்மா, அந்தக் கந்தையா இதோ நிற்கிறார்' என்று சொல்ல வாயெடுத்தேன். அப்பா என் கையை அழுத்திப் பிடித்தார்.

"இவிய உங்களுக்குச் சொந்தமா?"

"ஓம் அம்மா. ரெண்டு பேரையும் தெரியும். கடல் தாண்டிப் போனவைதான்."

சலேத்தக்கா ஒரு மெழுகுதிரியை நீட்டினார். அப்பா அதை அருளப்பு என்ற பெயருக்குக் கீழே ஏற்றி வைத்தார். வைத்த கையை எடுக்காமல், சுவரில் நெற்றியை முட்டுக்கொடுத்து, அத்தனை மாதமும் அழாததை அங்கே அழுதார். அந்த அம்மா அவர் அழுது முடியும்வரை பக்கத்தில் நின்றார். பிறகு இன்னொரு திரியை எடுத்தார்.

"அந்தக் கந்தையாவுக்கும் ஒண்ணு வையுங்க அண்ணாச்சி. அவரு மட்டும் என்ன பாவம் செஞ்சாரு?"

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு தனக்குத்தானே ஏற்றினார்.

"நல்ல மனுசந்தானா?"

"பரவாயில்லை. கொஞ்சம் பிடிவாதக்காரன்."

"அதையெல்லாம் ஆண்டவர் பாத்துக்கிடுவாரு."

திரும்பும் வழியில் அப்பா அந்த ஊர் முந்திரி இனிப்பான மக்ரூன் வாங்கச் சொன்னார். பொட்டலத்தில் பாதியை அவரே தின்றார். ஊர் வந்த வாரமே எழுத உட்கார்ந்தார். அழிந்த எழுத்துகளைத் திரும்ப வெட்டப்போவதாகச் சங்கத்தார் வந்து சொன்னபோது, "அந்தக் கல்லிலை ஒருத்தரும் கை வைக்கக் கூடாது" என்று சத்தம் போட்டு அனுப்பினார்.

இனிப் போகிறவர்களுக்கு: அந்தக் கப்பல் இப்போது இல்லை. மதுரைக்கு விமானத்தில் போய், அங்கிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். வெயில் தணிந்த பிறகு கடற்கரைப் பக்கம் நடங்கள். மக்ரூன் வாங்கினால் அன்றே தின்றுவிடுங்கள், கடற்காற்றில் நமத்துப்போகும். அந்தச் சுவர் நிற்கிறதா என்று எனக்குத் தெரியாது.

தெரிந்தது ஒன்றுதான். அதன் பிறகு கல்லறைத் திருநாள்தோறும் அப்பா, கோயில் குளம் என்று எங்கும் போகாத அப்பா, கொழும்புத் துறைமுகத்துக்குப் பக்கத்து மாதா கோயிலுக்குப் போய் ஒரே ஒரு மெழுகுதிரி ஏற்றுவார். அருளப்பு மாமாவுக்கா என்று ஒருமுறை கேட்டேன்.

"இல்லை, சேவியருக்கு" என்றார். "அந்த மனுசன் இங்கைதானே வந்துகொண்டிருந்தவர்."