சந்தனம் பூசிய சுவிட்சு

அப்போது பஸ்ஸில் விளக்கு சுவிட்சு என்பது ஒரு குமிழ்தான். ஒரு திருப்புக்குச் சின்ன விளக்கு, இன்னொரு திருப்புக்குப் பெரிய விளக்கு. திருவண்ணாமலைக்குள் நுழையும்போது, நடந்து போகிறவர்களுக்குக் கண் கூசக் கூடாதென்று டிரைவர்கள் சின்னதுக்குத் திருப்புவார்கள். கை கொஞ்சம் ஜாஸ்தியாகப் போனால் எல்லாமே அணைந்துவிடும். கீழ்பென்னாத்தூர் பஸ் டிரைவர் ஒருவர் அப்படித்தான் ஒரு மாட்டுவண்டி மேல் மோதப் பார்த்தார்.

"இதுக்கு ஒண்ணும் பண்ண மாட்டீங்களா?" என்று நான் வேலை பார்த்த ஆட்டோ எலக்ட்ரிக் கடைக்கு வந்து சத்தம் போட்டார். எனக்கு ஆள் முன்னால் பேச்சு வராது. ஆனால் மனசு குதித்தது. குமிழை உள்ளே அமுக்கித் திருப்பினால்தான் அணைய வேண்டும்! பித்தளைத் தகடு, ஸ்பிரிங், சைக்கிள் பேரிங்கின் இரும்புக் குண்டுகள் எல்லாம் வைத்துச் செய்தேன். 'டக்' என்று குண்டு தகட்டின் பள்ளத்தில் உட்காரும் சத்தத்துக்காகவே திருப்பிக்கொண்டிருந்தேன்.

பஸ் முதலாளி வந்து பார்த்தார். "ஒரு பஸ்ல போடு. கார்த்திகை தீபத்துக்குள்ள சரியா வந்தா எல்லாத்துலயும் போடலாம். இல்லேன்னா பழசே இருக்கட்டும்."

ஆயுத பூஜைக்கு மறுநாள் நல்ல வெயிலில், பெரிய விளக்கு எரிய எரிய, புது சுவிட்சு போட்ட அந்தக் கீழ்பென்னாத்தூர் பஸ் வந்து நின்றது. குமிழ் அமுங்கவே இல்லை. பஸ் ஸ்டாண்டே சிரித்தது. "இன்னாய்யா, சூரியனைத் தேடினு வர்றியா?"

கழற்றினேன். குமிழ் உள்ளே போகும் சந்தில் சந்தனம் காய்ந்து சிமெண்டு மாதிரி இருந்தது.

"நான்தான்யா வெச்சேன்" என்றார் டிரைவர். "ஸ்டியரிங்குக்குக் கூட அவ்ளோ வைக்கல. நல்ல சுவிட்சாச்சேனு..."

"இனிமே வைக்காதீங்க, அவ்ளோதான்" என்றார் எங்கள் கடைக்காரர்.

யார் கேட்பார்கள்? சந்தனம் வைக்கத்தான் வைப்பார்கள். சுவிட்சுதான் மாற வேண்டும். மத்தியானம் என் டிபன் பாக்ஸைத் திறக்கப் போனபோது கை நின்றுவிட்டது. மூடியின் விளிம்பு வெளியே இறங்கி டப்பாவை மூடியிருந்தது. சோறு அப்படியே கிடக்க, குமிழுக்கும் அதே மாதிரி, சந்துக்கு மேலே இறங்கி மூடும் ஒரு விளிம்பு வைத்தேன்.

பஸ் முதலாளி முன்னாலேயே டிரைவரிடம் சந்தனக் கிண்ணத்தை நீட்டினேன். "அப்புங்கண்ணா. தாராளமா."

அப்பினார். வெயிலில் காயவிட்டோம். முதலாளியே அமுக்கித் திருப்பினார்.

டக். அணைந்தது.

தீபத்தன்று சாலையோரம் நின்றேன். முதலாளியின் பஸ்கள் எல்லாம் என் சுவிட்சோடு ஒன்றன் பின் ஒன்றாக வந்தன. கூட்டத்தைக் கண்டதும் பெரிய விளக்கு போய்ச் சின்ன விளக்கு வந்தது. ஒன்றுகூட இருண்டுபோகவில்லை. சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் மலை உச்சியைப் பார்த்துக் கைகூப்பினார்கள். நான் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருந்தேன்.